கைக்கேற்ற கட்டை



வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது நம்மவர் தையற்காரரிடம் தவறாமல் சொல்லும் சொல் ஒன்றுண்டு. "வளருகிற பிள்ளை, சற்றுத் தாராளமாகவே வெட்டுங்கள், மிச்சத்தை உள்ளே மடித்துத் தையுங்கள்" என்பதே அது. தீபாவளிக்கு எடுத்த பாவாடையின் மடிப்பு அடுத்த தீபாவளிக்குப் பிரிக்கப்படும். செருப்பு வாங்கினாலும் ஓர் அளவு கூட்டியே வாங்குவோம். மாதச் சம்பளத்தில் வெளியூரில் குடித்தனம் நடத்துவோருக்கு இந்தச் சிக்கனம் தேவையானதே. சட்டை சற்றுப் பெரிதாயிருப்பதால் பிள்ளைக்கு யாதொரு தீங்கும் நேர்ந்துவிடுவதில்லை.

ஆயினும் எல்லாப் பொருள்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. பிள்ளையின் உடலளவுக்கு இன்றைக்கே சரியாக அமைய வேண்டிய பொருள்களும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். அஃது ஒரு சிறுமியின் காற்றுத் துப்பாக்கிக்கு நாங்கள் தச்சரைக் கொண்டு செய்வித்த மரக்கட்டை.

குழந்தையின் கையில் துப்பாக்கியா என்று நேயர்கள் திடுக்கிட வேண்டா. நாம் கூறுவது பத்து மீட்டர் தொலைவில் நிறுத்திய காகித இலக்கை நோக்கிச் சுடும் விளையாட்டை. வெடிமருந்து இதில் இல்லை; அழுத்தப்பட்ட காற்றே 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஈயக் குண்டைச் செலுத்துகிறது. பந்தய இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் எண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. மூச்சை அடக்கி, உடலை அசையாது நிறுத்தி, அந்தப் புள்ளியை நாடுவதுதான் விளையாட்டு. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கப் பதக்கத்தைப் பெற்றது இந்தப் போட்டியில்தான். 2012ஆம் ஆண்டு இலண்டனில் இதே போட்டியில் வெண்கலம் பெற்ற ககன் நரங் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். 2019ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்தவர். பிறந்த ஊர் ஒன்று, வளரும் ஊர் மற்றொன்று என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இவர்களின் பெயர்கள் ஊக்கம் தருவதில் வியப்பில்லை.

எங்கள் இல்லத்துச் சிறுமிக்கும் அவ்வாறே ஊக்கம் பிறந்தது. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பதினோராம் வயதில், தில்லியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் அவளைச் சேர்த்தோம். அங்கே பயன்படுத்துவதற்கென்று ஒரு காற்றுத் துப்பாக்கியும் வாங்கினோம். கடையில் சிறுவர்க்கு உரியதும் இருந்தது, பெரியவர்க்கு உரியதும் இருந்தது. நாங்கள் பெரியதையே வாங்கினோம். காரணம் சொல்ல வேண்டுமோ? வளருகிற பிள்ளை அன்றோ!

மூன்று மாதங்கள் கழிந்தன. முதல் வாரங்களில் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த குண்டுகள் பின்னர் வெள்ளைப் பகுதியிலும் சிதறலாயின. இரவில் கழுத்து வலிக்கிறதென்று சிறுமி தைலம் கேட்டாள். நாங்கள் அவளுக்கு அறிவுரைகளை அள்ளி வழங்கினோம். மனத்தை ஒருமுகப்படுத்து என்றோம். சீக்கிரம் உறங்கு என்றோம். பக்கத்து வீட்டுப் பையன் எப்படிச் சுடுகிறான் பார் என்றும் ஒருநாள் சொல்லிவிட்டோம். தொடக்கத்திலிருந்தே இந்த ஏற்பாட்டில் விருப்பமில்லாதிருந்த பாட்டி, "பாட்டு வகுப்பில் சேர்த்திருந்தால் இத்தனை நாளில் பத்து வர்ணம் பாடியிருப்பாள்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியிலிருந்து திரும்பும் வழியில், "எனக்கு இது வராது அப்பா, விட்டுவிடலாம்" என்று சிறுமியே கூறினாள். அவள் அழவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்தியது. தன்னிடத்தில் ஏதோ குறை உண்டென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய பயிற்சியாளரைக் கண்டு பேசினோம். அவர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சிறுமியைத் துப்பாக்கியை ஏந்தி நிற்கச் சொல்லி, ஒரு புறமாக வந்து பார்க்குமாறு எங்களை அழைத்தார். கட்டை நீளமாயிருந்ததால் அதன் அடிப்பகுதி தோளின் குழியில் பதியாமல் புயத்தின்மேல் நின்றது. விசையை எட்டுவதற்காக அவள் வலத் தோளை முன்னே தள்ளியிருந்தாள். குறிமுள்ளைப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டியிருந்தாள். முன்பாரம் தாங்காமல் இடுப்பை வளைத்துப் பின்னே சாய்ந்திருந்தாள். "ஐயா, இப்படி நின்று நீங்கள் ஒரு கடிதம் எழுதுவீர்களா?" என்று அவர் இந்தியில் கேட்டார். "பிழை பெண்ணிடத்தில் இல்லை, கட்டையில் இருக்கிறது" என்றார்.

கட்டையில் இருந்தது என்று அவர் நயமாகச் சொன்னார். உண்மையில் பிழை அதை வாங்கியவர்களிடத்தில் இருந்தது.

இங்கே அந்தக் கட்டை யாதெனச் சிறிது விளக்குதல் நலம். துப்பாக்கியில் குழலும் விசையும் இரும்பு. அவற்றைத் தாங்கி, ஒரு முனையில் தோளிலும் மறுமுனையில் இடக்கையிலும் அமரும் நீண்ட மரப்பகுதியே கட்டை. வடநாட்டுத் தச்சர்கள் இதனைக் 'குந்தா' என்பர். மனித உடல் துப்பாக்கியோடு சேரும் இடங்கள் யாவும் இதில்தான் உள்ளன. தோள் பதியும் அடிப்பாகம், கன்னம் படியும் மேடு, வலக்கை பற்றும் கழுத்து, இடக்கை தாங்கும் முன்பாகம் என்பன அவை. விசையிலிருந்து அடிப்பாகத்தின் முனை வரையுள்ள நீளமே முதல் அளவு. பெரியவர்க்கு அது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலம் முதல் பதினான்கு அங்குலம் வரை இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினோர் அங்குலம் முதல் பன்னிரண்டு அங்குலமே பொருந்தும்.

எல்லார்க்கும் ஒரே உடை, ஒரே உணவு என்று நடக்கும் படையிலேகூட இந்த அளவு மதிக்கப்பட்டது. நம் நாட்டில் இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, காவலர்களின் தோள்களில் நெடுங்காலம் விளங்கிய லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கு நான்கு நீளங்களில் அடிக்கட்டை உண்டு. சாதாரண அளவு ஒன்று. அதற்கு அரை அங்குலம் கூடியது ஒன்று. அரை அங்குலம் குறைந்தது ஒன்று. ஓர் அங்குலம் குறைந்தது ஒன்று. சிப்பாயின் உயரத்துக்கு ஏற்ற கட்டையைப் பொருத்திக் கொடுப்பர். அரை அங்குலத்துக்காகப் படைத்துறை கவலைப்பட்டிருக்கிறது. நாங்களோ இரண்டரை அங்குலத்தைக் குழந்தையின் கழுத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தோம்.

பழைய கட்டையையே அறுத்துக் குறைத்தால் என்ன என்று கேட்டோம். நீளம் குறையும், ஆனால் கைபிடிக்கும் கழுத்தின் பருமன் குறையாது, முன்பாரமும் குறையாது என்றார் பயிற்சியாளர். ஆகவே பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, இரும்புப் பகுதிக்கு ஏற்பச் சிறிய கட்டை ஒன்று புதிதாகச் செய்வதென்று முடிவாயிற்று. ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இரும்புப் பகுதியை நாங்கள் தொடவில்லை. உள்ளே சுருள்வில் உள்ள துப்பாக்கியை அறியாதவர் பிரிப்பது ஆபத்து. குண்டு இல்லை, வில் இழுபட்டிருக்கவில்லை என்று சோதித்துத் திருகாணிகளைக் கழற்றித் தந்தவர் பயிற்சியாளரே. தச்சர் பொருத்திப் பார்த்த ஒவ்வொரு முறையும் அவர் உடனிருந்தார். காற்றுத் துப்பாக்கியாயினும் அது படைக்கலமே. வாங்குமுன் சட்ட விதிகளை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டறிவதும், வீட்டில் பூட்டி வைப்பதும் பெற்றோர் கடமை.

தச்சர் சகாரன்பூர்க்காரர், தில்லி கீர்த்தி நகரில் மரக்கடைகளுக்கு இடையே பட்டறை வைத்திருப்பவர், முதியவர். சகாரன்பூர் மரச்செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நேயர்கள் அறிவர். நாங்கள் அவரை மிஸ்திரிஜி என்றோம். சிறுமி சாச்சா என்றாள். அவர் எங்களிடம் முதலில் கேட்டது, "பிள்ளை எங்கே?" என்பது. அளவைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு சென்றிருந்தோம். காகிதம் துப்பாக்கி பிடிக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சிறுமியை அழைத்துச் சென்றோம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் செய்து, மடிப்பின் உட்புறத்திலிருந்து ஆட்காட்டி விரலின் முதற்கணு வரை அளந்தார். பதினொன்றரை அங்குலம் இருந்தது. இது தொடக்க அளவே என்றும், முடிந்த அளவைப் பிறகு அவள் தோளே சொல்லும் என்றும் கூறினார். உள்ளங்கையின் சுற்றளவு, விரல்களின் நீளம், கன்னத்து எலும்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் அளவு சொன்ன முறையில் எமக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம்மூர்த் தச்சர் 'ஒரு நூல்' என்பர். இவர் அதையே 'ஏக் சூத்' என்றார். சூத் என்றாலும் நூலே. எங்கோ கங்கைச் சமவெளியில் வளர்ந்த கைத்தொழிலும் காவிரிக் கரையில் வளர்ந்த கைத்தொழிலும் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு அளக்கின்றன.

அடுத்து மரம். துப்பாக்கிக் கட்டைக்குப் பேர்பெற்றது அக்ரூட் மரம். வலிமைக்கு ஏற்ற எடைக் குறைவு உடையது, அதிர்ச்சியைத் தாங்கும், உலர்ந்தபின் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, உளிக்கு இணங்கும். நம் நாட்டில் அது காஷ்மீரத்து மரம். அங்கே அதனை அனுமதியின்றி வெட்டுதல் கூடாது. காய்க்கும் மரமாதலால் அந்தக் கட்டுப்பாடு நியாயமே. ஆதலால் விலை அதிகம். மிஸ்திரிஜியிடம் பழைய மேசை ஒன்றிலிருந்து எடுத்த அக்ரூட் பலகை இருந்தது. அதிலிருந்து சிறுபிள்ளைக்குப் போதுமான துண்டு கிடைத்தது. அது கிடைத்திராவிடில் தேக்கில் செய்திருக்கலாம் என்றார். சீசம் அழகும் உறுதியும் உள்ளதாயினும் சிறு கைகளுக்குக் கனம் மிகுதி என்று அதனைத் தள்ளிவிட்டார்.

பழைய மேசைப் பலகை என்றதும் எங்களுக்குச் சற்று மனக்குறை இருந்தது. அவர் அதைக் கண்டுகொண்டு விளக்கினார். பச்சை மரத்தில் நீர் மிகுதி. காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. அந்தப் பலகையோ பல கோடைகளையும் பல மழைகளையும் கண்டு அடங்கிய மரம். நம்மவர் இதன் உண்மையைத் தம் வீட்டிலேயே கண்டிருக்கக் கூடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பழகிய மரப்பொருளைத் தில்லிக்குக் கொண்டுவந்தால், வைகாசி மாதத்து அனற்காற்றில் அது சுருங்கி விரிசல் காட்டும். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த ஊஞ்சல் பலகையிலும் பலாமரத்து வீணையிலும் கீறல் கண்டு மனம் நொந்த குடும்பங்கள் உண்டு. மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்றுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாக்கில் அதிகம் மாறாது. அகலவாக்கில்தான் சுருங்கி விரிகிறது.

பலகையின்மேல் அவர் கட்டையின் உருவத்தை உடனே வரைந்துவிடவில்லை. அட்டையில் உருவத்தை வெட்டி எடுத்து, பலகையின்மேல் அதை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். மரத்தின் நாரோட்டம் கைபிடிக்கும் கழுத்தின் ஊடே நீளவாக்கில் செல்லுமாறு அமைய வேண்டும். கழுத்துத்தான் கட்டையிலேயே மெல்லிய இடம். நார் அங்கே குறுக்கே ஓடினால், கைதவறி ஒருமுறை விழுந்தாலும் கட்டை இரண்டாகும். கண்ணுக்கு அழகான ரேகை அடிப்பாகத்தில் வரட்டும், கழுத்தில் நேரான ரேகையே வேண்டும் என்றார். ரேகையின் அழகில் மயங்கி நாங்கள் காட்டிய இடத்தை அவர் ஏற்கவில்லை.

ரம்பத்தால் உருவம் அறுத்தாயிற்று. பின்னர் இரும்புப் பகுதி அமர்வதற்கான பள்ளம் தோண்டும் வேலை. இதுவே நுட்பமானது. இரும்பு மரத்தோடு முழுதும் ஒட்டி அமரவேண்டும். ஓரிடத்தில் முட்டிக்கொண்டும் ஓரிடத்தில் இடைவெளி விட்டும் இருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அது சிறிது அசையும், குறி மாறும். எங்கே முட்டுகிறது என்பதை அறிய, இரும்பின்மேல் விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசிப் பள்ளத்தில் அழுத்துவர். முட்டுமிடத்தில் மட்டும் கரி ஒட்டும். அங்கே ஓர் இழை செதுக்கி மறுபடியும் அழுத்துவர். இவ்வாறு பலமுறை செய்ய, கறுப்பு எங்கும் ஒரே சீராகப் படியும்.

மிஸ்திரிஜியிடம் அன்று நல்ல கரி இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாட்டி உள்ளே சென்று தம் மைச்சிமிழை எடுத்து வந்தார். விளக்கெண்ணெய்த் தீபத்தின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த மை. பேத்திக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் திருஷ்டிப் பொட்டு இட்ட அதே வகை மை. "இது போதுமா, பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த மையைக் கண்ட மிஸ்திரிஜி, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, கடையில் கிடைப்பதைவிட மெல்லியது என்றார். அந்தச் செய்தியைச் சிறுமி பாட்டியிடம் ஓடிச் சொன்னாள். அன்றிலிருந்து வர்ணப் பேச்சு வீட்டில் எழவில்லை.

ஜூன் மாத இறுதியில் கட்டை உருவாகிவிட்டது. கையில் எடுத்துச் செல்லலாம் என்று சிறுமி துள்ளினாள். மிஸ்திரிஜி கொடுக்கவில்லை. இதை ஒரு மழைக்காலம் பார்க்கவிடுங்கள் என்றார். பட்டறையின் தாழ்வாரத்தில், வெயிலும் சாரலும் படாத இடத்தில், காற்றாட அதைத் தொங்கவிட்டார். அடிப்பாகத்தின் முனையை மட்டும் அறுக்காமல் நீளமாகவே விட்டிருந்தார். சிறுமி மிகவும் சலித்துக்கொண்டாள். அந்த இரண்டரை மாதங்களும் பயிற்சிக்கூடத்தில் இரவல் துப்பாக்கியை மேசைமேல் தாங்கலிட்டுச் சுடுவதே அவளுக்குப் பயிற்சியாயிற்று. எடையைச் சுமக்காமல் குறியை மட்டும் பார்க்கும் அந்தப் பழக்கமும் நன்மையாகவே முடிந்தது.

செப்டம்பர் 17 அன்று வடநாட்டுக் கைவினைஞர் விசுவகர்ம பூசை கொண்டாடுவர். பட்டறைகளில் அன்று உளியும் ரம்பமும் ஓய்வெடுக்கும். அதற்கு முந்திய நாள் எங்களை வரச் சொன்னார். மழையில் பள்ளத்தின் ஓரிடம் மயிரிழை பருத்திருந்தது. மை பூசிப் பார்த்து அதைச் சரி செய்தார். பின்பு சிறுமியைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் வைக்கச் சொன்னார். கன்னத்தைப் படியவைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். திறந்த கண்ணுக்கு நேரே குறிமுள் தானாக நின்றால் கட்டை பொருந்திற்று என்று பொருள். தலையை நகர்த்தித் தேடினால் பொருந்தவில்லை. சிறிது சிறிதாகச் செதுக்கி அந்த நிலைக்குக் கொண்டுவந்தார். இறுதியில் நீளத்தை மறுபடியும் அளந்தார். மே மாதத்தில் பதினொன்றரை அங்குலமாயிருந்தது இரண்டு நூல் கூடியிருந்தது! நான்கு மாதத்தில் குழந்தை வளர்ந்துவிட்டாள். முனையை அன்றே அறுத்திருந்தால், கட்டை கைக்கு வருமுன்பே குறுகிப் போயிருக்கும்.

அப்போதுதான் வளர்ச்சிக்கு அவர் வைத்திருந்த விடையைக் காட்டினார். அடிப்பாகத்தின் உருவத்திலேயே இரண்டு நூல் பருமனில் நான்கு மரவில்லைகள் செய்து வைத்திருந்தார். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாக அடியில் சேர்த்து, நீளமான திருகாணியால் இறுக்கலாம். நான்கும் சேர்ந்தால் ஓர் அங்குலம். சட்டையில் நாம் வைக்கும் மடிப்புக்கு ஒப்பான ஏற்பாடுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாளைக்கு வேண்டிய நீளத்தை இன்றே பிள்ளை சுமக்க வேண்டியதில்லை. அது பெட்டியில் காத்திருக்கும்.

இனி மெருகு. உப்புத்தாளில் எண்பதாம் எண்ணிலிருந்து தொடங்கி, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்று நாற்பது, முந்நூற்றிருபது என்று மென்மைக்குப் போகவேண்டும். எப்போதும் நாரோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் எண்ணெய் பட்டவுடன் வெளிப்படும். மரத்தூள் மூச்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வழவழப்பானபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால், படிந்திருந்த நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை மெல்லத் தேய்த்து நீக்கி, மறுபடியும் ஈரம் காட்டவேண்டும். மூன்று முறை செய்தால் பிறகு வியர்வை பட்டாலும் சொரசொரப்பு வராது. இந்த வேலை முழுவதையும் சிறுமியே செய்தாள்.

வண்ணம் பூசலாமா என்று கேட்டோம். கன்னம் படியும் பொருளுக்கு வண்ணம் வேண்டா என்றார். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாதென்னும் விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. எனினும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறதென்று யார் அறிவர்? ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும் என்பதும் இதையொட்டி நினைவிற் கொள்ளத்தக்கது.

மரத்துக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். கடையில் 'பாயில்டு' என்ற பெயரில் விற்பதில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருப்பதுண்டு. குழந்தைகளின் பொருளுக்குக் கலப்பில்லாத எண்ணெயே நல்லது. அது உலர நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும். நம் வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயைப் பூசினால் ஆகாதோ எனின், ஆகாது. தேங்காய் எண்ணெய் உலர்வதில்லை. பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்தின் துளைகளுக்குள்ளேயே இறுகிவிடும். ஒரு சில துளி விட்டு, உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்து, மிஞ்சியதைத் துணியால் முற்றும் துடைத்துவிட வேண்டும்.

அந்தத் துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கூடித் தானாகவே தீப்பற்றக்கூடும். உபயோகித்த துணியை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும்; அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

எத்தனை முறை எண்ணெய் இடுவது என்று சிறுமி கேட்டாள். ஒரு வாரம் நாள்தோறும், ஒரு மாதம் வாரந்தோறும், ஓராண்டு மாதந்தோறும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, கட்டை இருக்கும் வரை என்று மிஸ்திரிஜி தச்சர்களின் வழக்கைச் சொன்னார். இது முடிகிற வேலையாகத் தெரியவில்லையே என்றாள் அவள். அவர் சிரித்தார்.

வாரந்தோறும் எண்ணெய் இட்டுவந்த நாள்களில் நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று புத்தகங்களுக்கும் அரிவாள்மணைக்கும் பக்கத்தில் அந்தக் கட்டையும் வைக்கப்பட்டது. இரும்பு இல்லை, கட்டை மட்டுமே. சந்தனம் இட்டவர் பாட்டி. வாரக் கணக்கும் முடிந்து, இரும்பும் பொருத்தப்பட்ட பிறகு, பயிற்சிக்கூடத்தில் சிறுமி நின்ற நிலையைப் பயிற்சியாளர் எங்களுக்கு மறுபடியும் காட்டினார். தலை நிமிர்ந்திருந்தது, தோள்கள் சமமாயிருந்தன. அன்றே பத்தாம் எண் புள்ளியில் குண்டுகள் விழுந்தன என்று சொல்லமாட்டோம். அவை ஓரிடத்தில் நெருங்கி விழலாயின. கழுத்துக்குத் தைலம் கேட்பது நின்றது. விட்டுவிடலாம் என்ற சொல்லை அதன்பின் அவள் சொல்லவில்லை.

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு மறுநாள் முதல் வில்லையைச் சேர்த்தோம். அதே ஆண்டு ஆயுத பூசையன்று இரண்டாவது வில்லையும் ஏறிற்று. அவ்வாண்டின் எண்ணெயையும் அவளே இட்டாள். பெட்டியில் இன்னும் இரண்டு வில்லைகள் உள்ளன. அவையும் தீர்ந்தால் எடுத்து வைத்த பெரிய கட்டைக்கு அவள் தோள் தயாராயிருக்கும். அவளுடைய கட்டை வேறொரு குழந்தைக்குப் போகும். அப்போது வில்லைகளைக் கழற்றிவிட்டு, அந்தக் குழந்தையை அழைத்துவந்து மறுபடியும் அளக்க வேண்டும்.

நேயர்களே! வெளி மாநிலங்களில் வாழும் நாம் நம் பிள்ளைகளின் தோளில் பலவற்றை ஏற்றுகிறோம். பள்ளியின் மொழி ஒன்று, தெருவின் மொழி ஒன்று, வீட்டின் தமிழ் ஒன்று; பாட்டு, கணக்கு, விளையாட்டு என்று இன்னும் பல. யாவும் நல்லனவே. ஆயின் பிள்ளை ஒன்றில் தடுமாறும்போது, அவளிடம் முயற்சி இல்லை என்றும் மனம் நிலைக்கவில்லை என்றும் நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அதற்குமுன் அவள் நிற்கும் நிலையை ஒரு பக்கமாக வந்து ஒருமுறை பார்ப்பது நலம். நாம் கொடுத்த பொருள் அவளுடைய இன்றைய கைக்குச் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது நலம். அளக்கும்போது பிள்ளை அருகில் இருக்கட்டும். காகிதத்தில் எழுதிய அளவு நான்கு மாதத்தில் இரண்டு நூல் மாறிவிடுகிறது.